என்னுடையதே இருக்கட்டும்

'என்னுடையதே இருக்கட்டும்' என்றொரு மனித இனம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டாம். கம்ப்யூட்டர் உள்ள எந்த அலுவலகத்திலும், ஏ.சி. சத்தம் அதிகமாகவும் வெளிச்சம் குறைவாகவும் இருக்கிற அறையில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேசையில் புதினாத் தேநீர் ஆறிப்போயிருக்கும். கிட்டே போய், "இது ஏன் இப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "நான்தான் போட்டேன்" என்று பதில் வரும். நீங்கள் கேட்டது அதுவல்ல. ஆனால் அதற்கு மேல் பதில் வராது.

மெக்னெஸ் நகரத்தில் நான் டிக்கெட் விற்கும் பேருந்துக் கம்பெனியில் இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் சி புஷைப். 'சி' என்பது இங்கே மரியாதைக்கு முன்னால் போடுவது. அவருக்கு அது போதாது என்பது அவருடைய அபிப்பிராயம். எங்கள் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

அவருடைய பெருமை புரிய வேண்டுமானால் ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். எந்த சாஃப்ட்வேருக்கும் பின்னால் ஒரு செட்டிங்ஸ் ஃபைல் இருக்கும். இந்த பிரிண்டரில் அச்சடி, இத்தனை மணிக்கு விற்பனையை நிறுத்து, இன்னாரை உள்ளே விடாதே என்று அதற்குச் சொல்லிவைக்கும் ஃபைல். செய்தவர்கள் ஒருவிதமாக எழுதி அனுப்புவார்கள். வாங்கியவர்கள் தங்கள் ஊருக்குத் தோதாகத் திருத்திக்கொள்வார்கள். இதுவரை தப்பில்லை. புதிய பதிப்பு வரும்போதுதான் வினை. அது தன் சொந்த ஃபைலோடு வந்து வாசலில் நின்று மரியாதையாகக் கேட்கும்: 'ஐயா, பழைய ஃபைலில் நீங்கள் கைவைத்திருக்கிறீர்கள். நான் கொண்டுவந்ததை வைக்கட்டுமா? உங்களுடையதே இருக்கட்டுமா? அல்லது இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டட்டுமா?'

இதைவிடப் பணிவாக ஒரு இயந்திரம் கேட்க முடியுமா? ஆனால் சி புஷைப் கேள்வியைப் படிப்பதில்லை. திரையில் அது எட்டிப் பார்த்ததுமே, கடைத்தெருவில் பிச்சைக்காரன் கை நீட்டினால் இங்கே எல்லோரும் சொல்வதுபோல, தலையைக்கூடத் திருப்பாமல், "அல்லா யஸஹ்ஹல்" என்பார். இறைவன் உனக்கு வழிவிடட்டும், என்னை விடு என்று அர்த்தம். விரல் தானாகப் போய் 'என்னுடையதே இருக்கட்டும்' என்பதை அழுத்திவிடும்.

அந்த ஃபைலை நான் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். அதுவரை ஃபைல் என்றால் ஒன்று என்று நினைத்திருந்தேன். அங்கே 'பழசு' இருந்தது, 'பழசிலும் பழசு' இருந்தது, 'சரியான பழசு' இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே 'இதுதான் சரியான பழசு' என்று இன்னொன்றும் இருந்தது. உள்ளே நாலைந்து வரிக்கு ஒரு தரம் ஒரு குறிப்பு: 'தொடாதே. பு.' ஏன் தொடக்கூடாது? தொட்டால் என்ன ஆகும்? குறிப்பில் இல்லை. அந்த 'பு.' ஒன்றே போதும் என்பது அவருடைய நம்பிக்கை.

இந்தச் சாம்ராஜ்யத்துக்குள் போன வருஷம் கெனிஃப்ராவிலிருந்து மதாம் இத்தோ வந்து சேர்ந்தாள். அவருக்குச் சமமான பதவி. குணத்தில் நேர் எதிர். புதிய பதிப்பு வந்தால் அவளுக்குக் கல்யாண வீட்டுக்கு அழைப்பு வந்த மாதிரி. அவளுடைய கைபேசி அன்றாடம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வந்த முதல் வாரத்திலேயே அவள் சி புஷைப்பின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டாள்.

"சி புஷைப், அது ஏதோ கேட்டுச்சே?"

"எப்பவும் கேக்கும்."

"வித்தியாசத்தைக் காட்டவான்னு கேக்குது. ஒரு தடவை பாத்துட்டா என்ன?"

"மதாம், என் வீட்டுக் கதவுக்கும் அடுத்த வீட்டுக் கதவுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சுக்கிட்டா நான் வீட்டுக்குப் போறேன்? நேரா எங்க வீட்டுக்குப் போறேன்."

அவள் தேநீர் போடப் போய்விட்டாள்.

இது நடந்தது ரமலானுக்கு முந்தின மாதம். எங்கள் நாட்டில் ரமலானுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்போம். பெருநாள் முடிந்ததும் பழையபடி முன்னால் தள்ளுவோம். முன்பெல்லாம் எங்கள் டிக்கெட் சாஃப்ட்வேருக்கு இந்தச் சங்கதி தெரியாது. அதனால் சி புஷைப் தன் ஃபைலில், நோன்பு தொடங்கினால் ஒரு மணி நேரம் குறை என்று ஒரு வரி சேர்த்திருந்தார். நல்ல வரி. பல ரமலான்களைக் காப்பாற்றிய வரி. ஆனால் இந்தப் புதிய பதிப்பைச் செய்தவர்கள் கடைசியில் மொராக்கோ என்றொரு நாடு இருப்பதைக் கேள்விப்பட்டு, அந்த வேலையைத் தாங்களே செய்துவிட்டிருந்தார்கள். அவர்களுடைய ஃபைலில் இது எழுதியிருந்தது. யார் பார்த்தார்கள்?

முதல் நோன்பு. சாஃப்ட்வேர் ஒரு மணி நேரம் குறைத்தது. சி புஷைப்பின் வரியும் ஒரு மணி நேரம் குறைத்தது.

காலையில் ஓரிருவர் ஏதோ முணுமுணுத்தார்கள். முதல் நாள், காபி இல்லை, சிகரெட் இல்லை, எல்லோரும் முணுமுணுக்கத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். நான் உட்கார்ந்திருப்பது ஜன்னல் இல்லாத கூண்டு. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் திரை. திரை என்ன மணி என்கிறதோ அதுதான் எனக்கு மணி. மாலையில் அஸ்ரூவுக்குப் போகும் நாலரை மணிப் பேருந்துதான் நோன்பு திறப்பதற்கு முந்தின கடைசி வண்டி. அதற்குப் பிறகு ஓட்டுநர்களும் மனிதர்கள்தானே, வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வண்டிக்கு நான் மும்முரமாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அது தன் நேரத்துக்குப் பாதி காலியாகப் புறப்பட்டு, எப்போதோ மலையேறத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு பெரிய மனிதர், கையில் தேன் சொட்டும் ஷபகியாப் பலகாரப் பெட்டி, டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்தார்.

"ஹுயா, தம்பி, இதுல என்ன மணி போட்டிருக்கு?"

"நாலரை."

"இப்ப என்ன மணி?"

நான் திரையைப் பார்த்தேன். "நாலே கால்."

அவர் தன் கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். அஞ்சே கால்.

"உள்ள நாலே கால், வெளிய அஞ்சே காலா? நடுவுல ஒரு கண்ணாடிதானேய்யா இருக்கு!"

அடுத்த நிமிஷம் என் கண்ணாடி முழுக்க மூக்குகள். போன பேருந்துக்கு டிக்கெட் விற்ற புண்ணியவான் முகத்தைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. நோன்பு நாளில் மாலை நெருங்க நெருங்கச் சிலருக்கு ஏறும் கோபத்துக்கு இங்கே தனியாகவே ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லுக்கு ஆள் தேவைப்பட்டால் அன்றைக்கு எங்கள் நிலையத்தில் கும்பலாக எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடிக்கக் கண்ணாடியின் துளை வழியாகக் கையை விட்டார். கை உள்ளே வந்துவிட்டது, வெளியே போகவில்லை. அந்தக் கையை மீட்பதில் கொஞ்ச நேரம் போனது என் அதிர்ஷ்டம்.

முதலாளி ஹாஜ் முஃபத்தல் வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். ஓட்டுநர் ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும், எதிர்க் கடையிலிருந்து பேரீச்சம்பழமும் அண்டா நிறைய ஹரீரா சூப்பும் வரவழைத்து, அத்தனை பேரையும் பேருந்து நிறுத்துமிடத்திலேயே நோன்பு திறக்க வைத்தார். பாங்கு ஒலித்து, சூடான சூப் உள்ளே இறங்கியதும், காலரைத் தேடியவரே எனக்கு ஒரு கிண்ணம் நீட்டினார். ஆனால் அவருக்காக அஸ்ரூவில் சமைத்துவைத்துவிட்டுக் காத்திருந்த வீட்டில் நடந்ததை அந்தச் சூப்பால் சரிசெய்ய முடிந்ததா என்று எனக்குத் தெரியாது.

சி புஷைப் என்ன சொன்னார் என்கிறீர்கள்?

"என் ஃபைல்ல ஒரு தப்பும் இல்ல ஹாஜ். நான் குறைச்சேன். அதுவும் குறைச்சா நான் என்ன பண்றது? குறைக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கணுமா இல்லையா?"

"கேட்டுச்சு, சி புஷைப்," என்றாள் மதாம் இத்தோ. "நீங்க அல்லா யஸஹ்ஹல்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

ஹாஜ் தாழ்ந்த குரலில் தீர்ப்புச் சொன்னார்: "இனிமே அது என்ன கேட்டாலும் மதாம் இத்தோ பதில் சொல்லட்டும்."

இந்த இடத்தில் நீங்கள் மதாம் இத்தோவின் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள், எனக்குத் தெரியும். அவசரப்படாதீர்கள். உலகத்தில் 'புதுசே வரட்டும்' என்றும் ஒரு இனம் உண்டு. அது கொஞ்சம் நன்றாக உடுத்தியிருக்கும், நன்றாகச் சிரிக்கும், அவ்வளவுதான் வேற்றுமை. வித்தியாசத்தைக் காட்டட்டுமா என்று கேட்டால் அதற்கும் நேரமிருக்காது.

பெருநாள் நெருங்கியது. மதாம் இத்தோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுப்பித்தாள். கேள்வி வந்தது. 'புதியதை வை.' மறுபடி வந்தது. 'புதியதை வை.' சி புஷைப்பின் ஃபைல்கள், சரியான பழசும் அதைவிடச் சரியான பழசும், ஒரு மூலைக்குப் போயின. கடிகாரம் சரியாக ஓடியது. பிரிண்டர் கிறீச்சிடவில்லை. திரை பளபளத்தது. அவள் எங்களுக்கெல்லாம் நோன்பு திறக்க ஸல்லூ இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். சி புஷைப் தன் பங்கை வாங்கிக்கொண்டு, துஷ்டி வீட்டில் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மலையிலிருந்து முதல் வண்டியை இறக்கிவரும் ஓட்டுநர் மீலூத் எனக்கு ஃபோன் செய்தார். பின்னணியில் பெரிய சண்டை.

"அந்த மூணு முன்சீட்டையும் வித்துட்டியா நீ?"

"எந்த மூணு?"

"எப்பவும் காலியா வருமே, அந்த மூணு! ஹம்மூ நிக்கறாரு, டீச்சரம்மா நைமா நிக்கறாங்க, இன்னொரு பையனும் நிக்கறான். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் பண்ணிக்கப் போறவங்க. அவங்களுக்கு இன்னைக்கு நாளு. வண்டி நிறைய ஆளு. நிக்க வெச்சு ஏத்துனா ஜாண்டார்ம் போலீஸ் முதல் திருப்பத்துலயே வண்டியை நிறுத்திடுவான்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மூன்று இருக்கைகளும் வாரத்தில் சில நாட்கள் என் திரையில் விற்பனைக்கு வருவதில்லை என்பது தெரியும். ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். கோளாறென்றால் யாரைக் கேட்பது, எதற்குக் கேட்பது, 'நான்தான் போட்டேன்' என்ற பதிலுக்காகவா?

சி புஷைப்பின் காதில் ஹம்மூ என்ற பெயர் விழுந்தது. நாற்காலியைத் தள்ளிய சத்தம் இங்கே கேட்டது. அவர் நேராக மதாம் இத்தோவின் திரைக்குப் போய் எதையோ தேடினார், இல்லை. திரும்பி வந்து என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார்.

"மீலூத், ஸ்பீக்கர்ல போடு. சத்தமா வை."

வைத்தார். பெருநாளுக்குத் துணி எடுக்கப் புறப்பட்ட ஒரு பஸ் நிறைய ஜனம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம், பிறந்ததிலிருந்து எவருக்கும் எந்தக் காரணத்தையும் சொல்லியறியாத ஒரு மனிதர்.

"ஸலாம். அந்த முன்சீட்டு மூணும்... அது என்னுது," என்றார்.

"நீ யாருய்யா?" என்றது பஸ்.

"நான் ஆபீஸ்ல... கம்ப்யூட்டர். அதை விக்கவே கூடாது. நான்தான்..." என்று சொல்லி நிறுத்தினார். வழக்கமான வாக்கியம் தொண்டையில் வந்து நின்றது தெரிந்தது. விழுங்கினார். எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். "கேளுங்க. அங்க ஒரு ஆளு நிக்கறாரு, ஹம்மூ. லாரி மெக்கானிக். வருஷக்கணக்கா வாரத்துல மூணு நாளு இறங்கி வராரு, ரத்தத்தைச் சுத்தம் பண்ண. ஒருநாள் சீட்டு கிடைக்காம, மூட்டை வைக்கிற இடத்துல ஒளிஞ்சு உக்காந்து வந்தாரு. இங்க நான்தான் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டேன். நிக்க முடியல அவரால. அன்னைக்குத்தான் அந்த வரியை எழுதுனேன். இன்னைக்கு அது போயிடுச்சு. அவங்க இன்னைக்குப் போகலன்னா... போகணும். அவ்வளவுதான்."



யாரோ ஒரு பெண், "எந்திரிடா, நீ மடியில உக்காரு," என்று பிள்ளையை அதட்டுவது கேட்டது. ஒரு சீட். ஒரு ஆள் தானாக இறங்கினாராம், மீலூத் பிறகு சொன்னார். மூன்றாவது சீட்டில் செருப்பு வியாபாரி ஒருவர்.

"நான் முன்கூட்டியே வாங்குன டிக்கெட்டு இது," என்றார் வியாபாரி.

"அடுத்த வண்டியில முன்சீட்டு தரேன்," என்றார் சி புஷைப்.

"ஜன்னலோரமா?"

"ஜன்னலோரம்."

"சுத்தமான ஜன்னலா?"

"நானே வந்து துடைச்சுத் தரேன்யா, இறங்கு!"

வண்டி புறப்பட்டது. சி புஷைப் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ஹாஜ் முஃபத்தல். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இத்தனை வருஷமா என் சீட்டு மூணு விக்காம ஓடியிருக்கு," என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க ஹாஜ்."

ஹாஜ் யோசித்தார். நேர்மையான மனிதர். "சொல்லியிருப்பேன்தான்," என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்தார். "அந்த வரியைத் திரும்பப் போடு. ஆனா பக்கத்துல உன் 'பு.' வேணாம். கம்பெனி பேரைப் போடு."

அவர் போன பிறகு மதாம் இத்தோ அங்கேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. இருந்தாலும் விடவில்லை. "பக்கத்துல ஏன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் அதை எடுத்திருப்பேனா?"

"எழுதியிருந்தா நீங்க படிச்சிருப்பீங்களா?" என்றார் சி புஷைப்.

பிறகு அவள் ஒரு நாற்காலியை இழுத்துத் தன் திரைக்கு முன்னால் போட்டாள். அவர் உட்கார்ந்தார். எங்கள் கம்பெனியின் சரித்திரத்திலேயே முதன்முறையாக, மூன்றாவது கேள்விக்கு யாரோ ஆம் என்றார்கள். வித்தியாசத்தைக் காட்டு.

காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது.

"இந்த வரி எதுக்கு?"

"அந்த பிரிண்டருக்கு. பேப்பரைக் கடிக்குமே."

"எந்த பிரிண்டர்?"

"அதான், அந்த மூலையில... இல்ல. அதைத் தூக்கிப் போட்டாச்சு."

"இது?"

அவர் நெடுநேரம் பார்த்தார். "தெரியல."

"உங்க எழுத்துதானே இருக்கு? தொடாதேன்னு?"

"அதான் நான் தொடல."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் கொஞ்சம் சிரித்ததுபோல் எனக்குத் தோன்றியது. வெளிச்சம் குறைவு, சத்தியம் செய்ய மாட்டேன். பிறகு ஒரு வரி வந்தது. அவர் ஹாஜின் அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"இது ஹாஜோட மச்சான் ஓசி டிக்கெட் எடுக்காம இருக்க."

"இது இருக்கட்டும்," என்றாள் மதாம் இத்தோ, அவரைவிடத் தாழ்ந்த குரலில்.

பெருநாளன்று எங்கள் நிலையத்தில் பெரிய பலகை ஒன்று மாட்டப்பட்டது: நோயாளிகளுக்கு முன்னிருக்கை, எங்கள் நிறுவனத்தின் நெடுநாள் மரபு. ஹாஜ் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். ஹம்மூவையும் பக்கத்தில் நிற்கக் கூப்பிட்டார்கள். "நிக்கறதுக்கா சீட்டு கொடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சி புஷைப் திருந்திவிட்டாரா? அளவுக்கு மேல். இப்போது ஒவ்வொரு வரிக்கும் மேலே அது பிறந்த கதையை எழுதுகிறார். யார் கேட்டார்கள், அன்றைக்கு வெயிலா மழையா, தன் மூட்டுவலி எப்படி இருந்தது, எல்லாம். மதாம் இத்தோ அத்தனையும் படித்துவிட்டுத்தான் அடுத்த பொத்தானைத் தொடுகிறாள். புதுப்பிக்கும் வேலை முன்பு தேநீர் ஆறும் நேரத்தில் முடிந்தது. இப்போது தேநீர் கெண்டி கெண்டியாகக் காலியாகிறது.

சரி, இவர்களைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சந்தோஷம். உங்கள் கைபேசியும் இந்த வாரம் உங்களிடம் ஏதோ கேட்டதே, சம்மதமா, மாற்றட்டுமா, அப்படியே விடட்டுமா என்று? என்ன கேட்டது? என்ன பதில் சொன்னீர்கள்?

ஞாபகமில்லையா? நினைத்தேன்.

ஞாபகமிருக்கிறது, நான் எப்போதும் சரியானதைத்தான் அழுத்துவேன் என்கிறீர்களா? அப்படியானால் உங்கள் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உள்ளே வந்து உங்களை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்; அடுத்த சொற்சித்திரத்துக்கு எனக்கு ஆள் வேண்டும்.